சாரன் உடுத்த மோட்டார் சைக்கிள்

எங்கள் மருதமுனையில் கலியாணம் முடித்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். அவர் பேரப்பிள்ளை கண்டு பல் விழுந்த பிறகும் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம். என்னுடைய மாப்பிள்ளையும் அப்படித்தான் சாய்ந்தமருதிலிருந்து வந்தார். ஒரு சூட்கேஸ், ஒரு ரேடியோ, பேச வேண்டிய இடத்தில் இருமுகிற பழக்கம், இவ்வளவும்தான் அவர் கொண்டுவந்தவை.

அவரைத் தேடிப் பிடித்தது உம்மா. ஆனால் மருமகனோடு மாமி நேருக்கு நேர் கதைப்பது மரியாதையில்லை என்பது அந்தக் காலத்து ஒழுங்கு. உம்மா கதவுக்குப் பின்னால் நின்று எனக்குச் சொல்வதுபோல அவருக்குச் சொல்வார். நான் வீட்டில் இல்லாவிட்டால் கோழிக்குச் சொல்வார். மருமகன் இரவு லாம்பை அணைக்காமல் தூங்குகிறார் என்ற முறைப்பாடு எல்லாம் எங்கள் வீட்டுக் கோழிகளுக்குத் தெரியும்.

சூறாவளி அடித்த அடுத்த வருடம் எனக்கு இறக்காமத்தில் ஆசிரியை நியமனம் வந்தது. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் நேரத்துக்கு வரும் நாளில் இரண்டாவது பஸ் வழியில் உடைந்து கிடக்கும். இரண்டாவது ஒழுங்காக ஓடும் நாளில் முதல் பஸ் வராது. பாடசாலை மணி அடித்ததும் அதிபர் வரவுப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். என்னுடைய கையெழுத்து அந்தக் கோட்டுக்குக் கீழேயே குடியிருந்தது. தான் நல்ல மனிதர்தானாம், ஆனால் இப்படியே போனால் மேலே எழுதுவதைத் தவிர வழியில்லையாம் என்று ஒருநாள் அதிபர் சொல்லிவிட்டார். நியமனம் நிரந்தரமாகாத காலம். அவர் எழுதினால் வேலை போய்விடும்.

உம்மாவுக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. வீட்டுக்குப் பின் வளவில் எங்களுக்கு மூன்று கைத்தறிகள் ஓடின. வேலையை விட்டுவிட்டுத் தறியைப் பார் என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். வீடு உம்மா கட்டித் தந்தது, மாப்பிள்ளை உம்மா பார்த்துத் தந்தது, உடுக்கிற சீலைகூட உம்மா தெரிந்து தந்தது. அந்த வேலை ஒன்றுதான் நானே படித்து நானே எடுத்தது. விடமாட்டேன் என்று சொல்லிச் சாப்பிடாமல் கிடந்தேன். அடுத்த நாள் பசித்தது, எழும்பிச் சாப்பிட்டேன், ஆனால் விடவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை இருமினார். இருமி முடித்து, உனக்காக நான் ஒரு மோட்டார் சைக்கிள் செய்து தருகிறேன் என்றார். அவர் 'வாங்கித் தருகிறேன்' என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் மாட்டுக் கரத்தையில் வந்தது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் நடந்த காலத்தில் யாரோ ஒரு இஞ்சினியர் ஓடித் திரிந்துவிட்டுப் போன யந்திரம். கைமாறிக் கைமாறிச் சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்குள் கிடந்திருக்கிறது. சூறாவளிக்கு ஆலைச் சுவர் விழுந்ததில் அதுவும் அடியில் மாட்டிக்கொண்டது. பெட்ரோல் டாங்கி நசுங்கி, முன் சில்லு கோணி, சீட்டு இருந்த இடத்தில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. மாப்பிள்ளை அதைக் கண்கலங்கப் பார்த்துக்கொண்டு நின்றார். கலியாணத்தன்று என்னை அவர் அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அவர் கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜர். திறந்த பொருளாதாரம் வந்து எல்லாச் சாமானும் எல்லாக் கடையிலும் கிடைக்கத் தொடங்கிய பிறகு சங்கக் கடைக்குச் சீனிச் சாக்கை மொய்க்கிற இலையான் மட்டும்தான் வந்தது. ஆகவே அவருக்கு நேரம் நிறைய இருந்தது. நேரம் நிறைய இருந்த மற்ற ஆம்பிளைகளும் பின்னேரங்களில் எங்கள் முன் வளவில் கூடினார்கள். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்று என்றார் ஒருவர், தேங்காயெண்ணெய்தான் சரி என்றார் இன்னொருவர். இரண்டையும் ஊற்றினார்கள். ஆளுக்கொரு நட்டைக் கழற்றினார்கள், ஆளுக்கொரு நட்டைப் பூட்டினார்கள். பூட்டி முடித்த பிறகும் மிஞ்சிய நட்டுகளை உம்மா ஒரு தகரப் பேணியில் சேர்த்து வைத்தார். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது நான். அடுத்த நாள் காலையில் பஸ்ஸுக்கு ஓடியதும் நான்தான்.

எப்போது முடியும் என்று கேட்டால், உனக்காகத்தானே செய்கிறேன் என்பார். எனக்காக டாங்கி நிமிர்ந்தது. எனக்காகக் கல்முனை கராஜ்காரர் மேக்னெட்டோவுக்குப் புதிதாகக் கம்பி சுற்றினார். எனக்காக அதற்கு வள்ளத்துக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ட் பூசப்பட்டது. கடலில் போகிற சாமானே துருப்பிடிக்காதபோது வயலுக்குள் போவது எப்படித் துருப்பிடிக்கும் என்று கேட்டார். நான் ஆசைப்பட்ட ஒரேயொரு விஷயம், அது ஓட வேண்டும் என்பது. அதற்குத்தான் கடைசியில் முறை வந்தது.

சீலையோடு ஒருபக்கமாகக் குந்திப் போகிறவளுக்குக் கால் வைக்க ஒரு பலகை வேண்டும். அவர் பல பலகைகளை வைத்துப் பார்த்தார், ஒன்றும் சரிவரவில்லை. ஒருநாள் காலையில் உம்மாவின் மூன்றாவது தறியில் சத்தம் இல்லை. போய்ப் பார்த்தால், நெசவில் கால் வைத்து மிதிக்கிற பலகையைக் காணோம், அறுந்த நூல்கள் தொங்கின. அது முன் வளவில் மோட்டார் சைக்கிளோடு வெல்டிங் பிடித்த இரண்டு கம்பிகளில் அழகாகப் பூட்டுப்பட்டு இருந்தது. அன்று கோழிகள் நிறையக் கேட்டன.

பலகை போன கோபத்தில் உம்மா பெரிய பிரச்சினையைக் கையில் எடுத்தார். குமரும் கிழவியும் சீலையால் மறைப்புக் கட்டிய கரத்தையில் போன குடும்பமாம் எங்கள் குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெண் ஊர் பார்க்க மோட்டார் சைக்கிளில் குந்திக்கொண்டு கல்முனைச் சந்தியைத் தாண்டுவதா என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். மாப்பிள்ளை இருமினார். பிறகு பிரம்பு வாங்கி வந்து வளைத்து, பின் சீட்டுக்கு மேலே கரத்தைக் கூடாரம் மாதிரி ஒன்று கட்டினார். உம்மா மனமிரங்கித் தன்னுடைய தறியில் நெய்த துணியைக் கொடுத்தார். ஆம்பிளைகள் இடுப்பில் உடுக்கிற சாரனுக்கென்று நெய்த கட்டம்போட்ட துணி. அதைச் சுற்றித் தைத்து, ஏறி இறங்க ஒரு மறைப்பும் வைத்தார்கள். உள்ளே நான் குந்தினால் வெளியே தெரிந்தது என்னுடைய செருப்பு மட்டும். இருவருக்கும் திருப்தி. என்னை ஒருவரும் கேட்கவில்லை.

நான் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை மாதமும் கல்முனையில் ஒரு காகம்கூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. மறைப்புக்குள் போன முதல்நாள் சந்தையே வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தது. 'சாரன் உடுத்த மோட்டார் சைக்கிள்' என்று அன்றைக்கே பேர் விழுந்துவிட்டது. நான் உள்ளே இருட்டில் வியர்த்துக்கொண்டு, ஊருக்குத் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய ஊர்வலம் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

அது கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற மாதம். சம்மாந்துறை தாண்டி வயல்வெளிக்குள் இறங்கியதும் காற்று பக்கவாட்டில் வந்து கூடாரத்தைப் பிடித்தது. சாய்ந்தமருதில் கடலைப் பார்த்து வளர்ந்த மனிதர், பாயும் காற்றும் தெரிந்த மனிதர், மோட்டார் சைக்கிளுக்குப் பாய் கட்டியிருக்கிறோம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நாங்கள் ரோட்டை விட்டு விலகி, வரம்பில் ஏறி, வாய்க்காலுக்குள் இறங்கினோம். நல்ல காலம், தண்ணீர் இடுப்பளவுதான். வயலில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். தண்ணீருக்குள் கட்டம்போட்ட துணி உப்பிக்கொண்டு நிற்கிறது. உள்ளே ஆரும் இருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார்.

"ஓம்," என்றார் மாப்பிள்ளை. "டீச்சர் இரிக்கா."

என் மனிசி என்று சொல்ல அந்த நேரத்திலும் அவருக்கு வாய் வரவில்லை. வயற்காரர் ஒருவர் கத்தியால் துணியைக் கிழித்து என்னை வெளியே எடுத்தார். பக்கத்து வயல் காவல் வாடியிலிருந்த பெண் ஒருத்தி தன்னுடைய உலர்ந்த சீலையைத் தந்தாள். மோட்டார் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி உதைத்தபோது, பாவி, முதல் உதையிலேயே ஓடியது. ஆருடையதோ சீலையில், தலைமயிரில் பாசியோடு நான் அதிபரின் கந்தோருக்குள் போனேன். அதிபர் சிவப்புப் பேனையைத் திறந்து வைத்திருந்தார். மணி இன்னும் அடிக்கவில்லை, அவர் அதை மூட வேண்டியதாயிற்று.

கூடாரத்தைக் காற்றுக் கொண்டுபோய்விட்டது என்று வீட்டில் சொன்னோம். அல்லாஹ்வின் காற்றோடு ஆர் கோபிப்பது என்று உம்மா கோழியிடம் சொன்னார். அதற்குப் பிறகு நான் வெளிச்சத்தில் குந்திப் போனேன். கல்முனைச் சந்தி சில நாள் பார்த்தது, பிறகு அதற்கு அலுத்துவிட்டது. நான் நேரத்துக்குப் போனேன். நியமனம் நிரந்தரமானது.

இதற்குள் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. என் மாப்பிள்ளை கதைக்கத் தொடங்கினார்.

எங்கள் வீட்டு உள்சுவர்கள் முகட்டைத் தொடுவதில்லை. ஒரு அறையில் பெருமூச்சு விட்டால் மற்ற அறையில் உம்மா என்னவென்று கேட்பார். அந்த வீட்டில் அவர் இருமாமல் என்ன செய்வார்? மோட்டார் சைக்கிளில் சத்தத்துக்கு மேலால் கத்தினால்தான் எனக்குக் கேட்கும், ஆகவே கத்தினார். உம்மாவின் மாங்காய் போட்ட மீனாணம் தனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை என்று கத்தினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அதை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்ற மனிதர் அவர். நான் பாடம் சொல்லிப் பழகும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்பதாகவும் கத்தினார். எங்கள் குடும்ப விஷயம் எல்லாம் வழிநெடுக வயற்காரருக்குத் தெரிந்திருந்தது. உம்மாவுக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் இறக்காமத்துக்குக் கிட்ட யானை ஒன்று ரோட்டில் நின்றது. அவர் எதையோ சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று எஞ்சினை நிறுத்தினார். வாயை நிறுத்த மறந்துவிட்டார். அந்த அமைதிக்குள் அவருடைய சத்தம் வெளியெல்லாம் கேட்டது.

"உங்கட வீட்டுல நான் இன்னும் விருந்தாளிதான், புள்ள. இதுல ஏறினாத்தான் நான் வீட்டுக்காரன்."

யானை காதை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. அவர் எஞ்சினை உதைத்துக் கிளப்பினார். எனக்கு அழுகை வந்தது. காற்றுக்குக் கண்ணில் தூசி விழுந்ததென்று அவருக்குச் சொன்னேன்.

அந்தப் போகம் அறுவடை முடிந்தபோது இடமாற்றக் கடிதம் வந்தது. உம்மா ஆரையோ பிடித்து, அவர் ஆரையோ பிடித்து, எனக்கு மருதமுனையிலேயே ஒரு பாடசாலை எடுத்துத் தந்திருந்தார்கள். எங்கள் வேலியிலிருந்து எட்டிப் பார்த்தால் வகுப்பறை தெரியும். ஒரு காலத்தில் இதற்காக நான் நேர்ச்சை வைத்திருப்பேன். உம்மா இனிப்புக்கு வட்டிலப்பம் அவித்தார். மாப்பிள்ளை இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, நல்ல விஷயம் என்றார். பிறகு இருமினார். அந்த இருமலை நான் பல மாதமாகக் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் மூன்றாவது தறியின் சத்தத்தில் கண் விழித்தேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். பலகை திரும்பத் தறியில் இருந்தது, துடைத்து, எண்ணெய் பூசி, முன்பு இருந்ததைவிட நன்றாகவே மாப்பிள்ளை பூட்டியிருந்தார். முன் வளவில் மோட்டார் சைக்கிள் ஒரு யூரியா சாக்கால் மூடிக் கிடந்தது. அவர் சங்கக் கடைக்கு நடந்தே போய்விட்டார்.

நான் அன்றே கல்விக் கந்தோருக்குப் போய் இடமாற்றம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் எழுத வேண்டும் என்றார்கள். பின்தங்கிய பிரதேச மாணவர்களின் நலன் கருதி என்று எழுதினேன். மேசைக்குப் பின்னாலிருந்து அதை வாங்கி வாசித்த லிகிதர் எழும்பி நின்றார். அதற்குப் பிறகு எத்தனை மேடைகளில் என்னுடைய தியாகத்தைப் பற்றிப் பேசினார்கள், எத்தனை மாலை போட்டார்கள் என்று சொல்லி முடியாது. நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இறக்காமத்துப் பிள்ளைகளில் எனக்கு அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் பிள்ளைகள் மருதமுனையிலும் இருந்தார்கள்.

கந்தோரிலிருந்து வந்து, இடமாற்றம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை, கோழியிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், மூடிக் கிடந்த சாக்கைப் பார்த்தார், தறி நின்ற பின் வளவுப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் போக அவருக்குத் துணிவு வரவில்லை.

அப்போது உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு அவருக்கு முன்னாலேயே வந்து நின்றார். ஒரு கையில் நட்டுப் பேணி, மற்றக் கையில் ஸ்பானர்.

"மருமகன்," என்றார், "பலகையக் கழட்டுறண்டா இந்த முறை நூல அறுக்காமக் கழட்டுங்க."

தன்னோடு உம்மா கதைத்த முதல் கதை அதுவாக இருந்ததால், அவர் ஸ்பானரைத் தலைகீழாகப் பிடித்து மூன்று நூலை அறுத்துவிட்டார்.