பின்பக்கம் இல்லாத எழுபத்திரண்டு வீடுகள்

அந்தப் புத்தகத்தில் எழுபத்திரண்டு வீடுகள் இருந்தன. ஒன்றுக்குக்கூடப் பின்பக்கம் கிடையாது. பழுப்பேறிய கெட்டி அட்டை, முதுகில் கரையான் அரித்த வடு, நடுப்பக்கம் ஒன்றில் எப்போதோ சிந்திய தேயிலைக் கறை. போன வாரம் என் அக்காவின் மகள் அதை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "மாமா, இதுல பாத்து நம்ம வீட்டுக்கு ஒரு முகப்பு வரஞ்சு தாருங்க. பூசாத செவரப் பாத்து பிள்ளையளுக்கு நாணக்கேடா இருக்காம்" என்றாள். வேறு யாராவது கேட்டிருந்தால் கண் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பியிருப்பேன். பாதி உண்மையும் அதுதான். வீடு வரைந்து வரைந்து எனக்கு அலுத்துப்போய்விட்டது. ஆனால் இவளிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. புத்தகத்தைத் திறக்கக் கையும் வரவில்லை. வைத்துவிட்டுப் போ, பார்க்கிறேன் என்றேன்.

புத்தகம் அவளுடைய அப்பாவுடையது. எனக்கு அவர் அத்தான். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். ஊருக்குத் திரும்பிப் போன ஏதோ ஒரு துரை பழைய சாமான்களைக் கழித்துப் போட்டபோது இந்தப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. சீமையில் வீடு கட்டுகிறவர்கள் பார்த்துத் தேர்ந்துகொள்ளும்படி வகைவகையாய் வீட்டு முகப்புகளை அச்சிட்ட புத்தகம். அத்தானுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். அதனால் என்ன, படம் பார்க்க எழுத்து எதற்கு? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் வேலையை விட்டு வந்தபோது பைபிளைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். இதைக் கக்கத்தில் வைத்திருந்தார். அதுவரை எங்கள் வீட்டிலேயே காத்திருந்த அக்காவை அழைத்துக்கொண்டு, கொட்டாரத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரமாய் ஒரு மனை வாங்கினார். பின்னால் வயல், முன்னால் கன்னியாகுமரிக்குப் போகிற பாதை. மனையின் மூலையில் பனையோலையால் ஒரு புரை கட்டி, வீடு முடியும்வரை அதில் இருக்கலாம் என்று அக்காவிடம் சொன்னார். ஆறு மாதம் என்றுதான் பேச்சு.

நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு கண்டிராக்டரிடம் பிளான் வரைகிறவன். இருபத்து மூன்று வயது. கோடு நேராக விழுகிறது என்கிற கர்வம் நிறைய. சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துக் கொட்டாரம் போய்விடுவேன். அத்தான் புத்தகத்தை விரித்து வைத்துக் காத்திருப்பார். வீட்டுக்கு முழுசாய் அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. ஆனால் சுவர் எழுப்பும்போது முன்பக்கத்தை மட்டும் முதலில் எழுப்ப வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "ஓய், நாலு பக்கமும் ஒண்ணாத் தூக்கணும். இது வீடாக்கும், நாடகத் தட்டியில்ல" என்றார். அத்தான் கேட்கவில்லை. "ரோட்டுல போறவன் நின்னு பாக்கணும். அதுக்குப் பொறவு மத்தது" என்றார்.

அவரைக் கிறுக்கர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஊரில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் கூரைக்கு ஓடு போடக் கூடாது, மாடி எழுப்பக் கூடாது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அத்தானின் தாத்தா அதை மீறி நாலு வரிசை ஓடு போட்டார். மேல்சாதிப் பெரிய வீட்டு ஆட்கள் வந்து நின்று, அவர் கையாலேயே அவற்றை இறக்க வைத்தார்கள். இறக்கிய ஓடுகளைப் பாதையில் அடுக்கிவைத்து, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கும்படி அவரையும் பக்கத்தில் நிறுத்தினார்களாம். அத்தான் இதை ஒரே ஒருமுறைதான் சொன்னார், அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அதற்குப் பிறகு அவர் எந்தப் படத்தைக் காட்டினாலும் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததில்லை.

முதல் முகப்பு நம் ஊர்ப் பெரிய வீடுகளின் வகை. கூர்ந்து சரியும் ஓட்டுக்கூரை, நெற்றியில் கடைந்த மரத்தில் ஒரு முக்கோணம், தாழ இறங்கும் இறவாரம். மழைக்கும் வெயிலுக்கும் அதைவிட ஏற்றது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆசாரி வேலையைப் பாதி முடித்திருந்தார். அத்தான் ரோட்டைத் தாண்டி நின்று பார்த்தார். முகம் வாடிவிட்டது. "இது அவங்களுக்க வீடுல்லா தம்பி. அவங்க கெட்டுனது போல கெட்டவா நான் கடல் தாண்டிப் போனேன்?" என்றார். மரத்தை இறக்கிவிட்டார்கள்.

இரண்டாவது, புத்தகத்தில் இருந்த கூர்முனை வளைவுகள். உயரமாய் மூன்று, நடுவே வட்டச் சன்னல். நான் மிகவும் ரசித்து வரைந்தது அது. சுவர் எழும்பிச் சாந்து காய்வதற்குள் ஒரு நாள், கடற்கரையிலிருந்து மீன் கொண்டுபோகும் அம்மாள் ஒருத்தி கூடையை இறக்கிவைத்து, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "பூசை எப்பம் மக்கா?" என்று கேட்டாள். அத்தான் ஞாயிறு தவறாமல் எங்கள் சீர்திருத்தச் சபைக்குப் போகிறவர். அவர் வீட்டு வாசலில் கத்தோலிக்கப் பூசைக்கு நேரம் கேட்டால் எப்படி இருக்கும்! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் வளைவுகளைக் காணோம்.

மூன்றாவது பங்களா வகை. உருண்ட தூண்கள் நான்கு, மேலே கூரையே தெரியாதபடி கைப்பிடிச் சுவர். அதைப் பார்த்துவிட்டு, குமரிக்குச் சூரியோதயம் பார்க்கப் போன யாரோ ஒரு துரையின் கார் விடிகாலையில் வந்து நின்றது. டிரைவர் ஆரன் அடித்து, பயணிகள் தங்கும் பங்களா இதுதானே, வெந்நீரும் முட்டையும் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். தூணுக்குப் பின்னால் அறையே இல்லை, புல்தான் முளைத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அக்கா ஓலைப்புரையிலிருந்து வெந்நீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அத்தான் தூண்களை இடிக்கச் சொல்லிவிட்டார். வெந்நீர் ஏன் கொடுத்தாய் என்று அக்காவிடம் கேட்டேன். "வந்தவன் கேட்டான்லா, குடுத்தேன். எங்கிட்ட இருந்தது அதுதான்" என்றாள்.

அக்காவைப் பற்றி இவ்வளவு தூரம் கழித்துத்தான் சொல்கிறேன். அப்போதும் அப்படித்தான். அந்த மனையில் நடந்த எல்லாப் பேச்சிலும் அவள் கடைசியாகத்தான் வந்தாள். வருஷத்துக்கு இரண்டு மழை பெய்கிற ஊர் எங்களுடையது. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி ஒன்று, ஐப்பசியில் துலா மழை ஒன்று. அக்கா அந்தப் புரையில் இருந்த காலத்தை மாதத்தால் எண்ணவில்லை, மழையால் எண்ணினாள். இரண்டாவது மழையில் அடுப்பு நனைந்து அணைந்தது. அன்று என்னிடம், "மக்கா, நீ எத்தனையோ வரைய. எனக்கு ஒரு அடுக்களையும், படுக்க ஒழுகாத ஒரு முறியும், அடச்சா அடையுத ஒரு கதவும் வரஞ்சு தருவியா?" என்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமை வரைந்து கொண்டுவருகிறேன் என்றேன். நாலாவது மழையில் மகள் பிறந்தாள். ஐந்தாவது மழையில் அக்காவுக்கு இருமல் பிடித்தது. நான் இன்னும் வரைந்திருக்கவில்லை. அடுக்களைக்கு என்ன வரைவது? நாலு சுவர், ஒரு புகைபோக்கி, ஒரு சன்னல். அதில் என் கைத்திறமையைக் காட்ட ஒன்றும் இல்லை. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் உண்மை இதுதான். அத்தானுக்காவது தாத்தாவின் ஓடு இருந்தது. எனக்கு என்ன இருந்தது? படம் அழகாக வரவேண்டும், பார்த்தவர்கள் என்னைப் பாராட்ட வேண்டும். அவ்வளவுதான்.

நாலாவது முகப்புதான் கொடுமை. பனி கொட்டுகிற தேசத்துக்காக யோசித்த செங்குத்தான கூரை, ஓரத்தில் ஒரு கோபுரம், நெற்றியில் செங்கல் புகைக்கூண்டு. முன்பக்கத்தில் அடுப்பே இல்லையே, புகைக்கூண்டு எதற்கு என்று கேட்டேன். படத்தில் இருக்கிறதே என்றார். வரைந்தேன். அன்றைக்கு அக்கா புரையிலிருந்து இருமிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். "ஏலே, இது ஏழாவது மழையாக்கும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பின்பக்கத்தை வரைந்து கொண்டுபோனேன். புரைத் தரையில், நனையாத ஓர் இடம் பார்த்து விரித்தோம். அக்கா குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து என் கோடுகளின் மேலேயே அடையாளம் வைத்தாள். குடம் இங்கே. அம்மி இங்கே, சுவரை ஒட்டாமல். சன்னலை நான் பக்கச் சுவரில் போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டு வயலைப் பார்க்க வைத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. அந்த நேரம் அத்தான் உள்ளே குனிந்து வந்தார். படத்தைப் பார்த்தார். "பின்பக்கத்த எவன் தம்பி பாக்கப் போறான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"நான் பாப்பேன்" என்றாள் அக்கா. "நான் அங்கதான கெடக்கேன்."

அத்தான் மறுபடி குனிந்து கரிக்கோடுகளைப் பார்த்தார். பிறகு, "செரி. இந்த ஒரு முகப்பு முடியட்டு. பொறவு அதுதான்" என்றார். அக்கா தாளை நாலாக மடித்து, அவருடைய புத்தகத்துக்குள்ளேயே வைத்தாள். அங்கே வைத்தால்தான் அவர் கண்ணில் படும் என்று அவளுக்குத் தெரியும்.

எட்டாவது மழை முன்கூட்டியே வந்துவிட்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. புரைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அக்காவுக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, மிஷன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனோம். வழியில் அவள் தலையைத் தூக்கி முகப்பைப் பார்த்தாள். கோபுரம் பாதி எழும்பி நின்றது. டாக்டர் தம்மால் ஆனதைச் செய்தார். ஒன்பதாம் நாள் அக்கா போய்விட்டாள். குழந்தைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

அடக்கம் முடிந்து பதினைந்து நாளில் அத்தான் கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபுரத்தை இடிக்கச் சொன்னார். மற்றதைத் தொட வேண்டாம் என்றார். பிறகு புத்தகத்திலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொத்தனார் கையில் கொடுத்து, கரிக்கோட்டின்படி கட்டச் சொன்னார், என் கோட்டின்படி அல்ல. அடுக்களை முதலில் எழும்பியது. பிறகு ஓர் அறை. குடத்துக்கு மேடை, அம்மிக்கு இடம், வயலைப் பார்த்த சன்னல். கூரைக்கு ஓடு, ஒரு சொட்டு இறங்காது. கதவைத் தேக்கில் செய்தார். ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் அடையும். வேலை முடிந்ததும் தாளைத் திரும்ப வாங்கிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்தார். அடுத்த இடவப்பாதியில் மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே குடியேறினார். முன்பக்கம் மட்டும் அப்படியே கிடந்தது. இடித்த தூணின் மொட்டை, வளைவு இருந்த இடத்தில் அடைத்த செங்கல், வெயிலிலும் மழையிலும் கறுத்த சாந்து.

வருஷங்கள் போயின. என் மனசு கேட்காமல் ஒரு நாள், "அத்தான், முன்பக்கத்தையும் ஒண்ணு பூசிரலாமே, நானே நின்னு பாத்துக்கிடுதேன்" என்றேன். அடுக்களைச் சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். திரும்பாமலேயே சொன்னார்: "வேண்டாம் தம்பி. ரோட்டுல போறவன் பாக்கணும்னுதான ஆசப்பட்டேன். பாக்கட்டும். நான் என்ன செஞ்சேன்னு பாக்கட்டும்." அவர் சாகும்வரை அந்தச் சுவரில் ஒரு கரண்டி சாந்து விழவில்லை.

நேற்று சாயங்காலம் அக்காவின் மகள் மறுபடி வந்தாள். வரைந்துவிட்டீர்களா மாமா என்றாள். புத்தகத்தைப் பிரித்து, நாலாக மடித்த தாளை எடுத்து அவள் மடியில் விரித்து, இதுவரை அவளிடம் யாரும் சொல்லாததைச் சொன்னேன். என் பங்கையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் வெகுநேரம் கரிக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கையெழுத்து என்று அவளிடம் எதுவும் இல்லை. அக்காவுக்கு எழுத வராது. கரி அழிந்துவிடுமோ என்று விரலால் தொடாமல், விரலைக் கொஞ்சம் மேலே வைத்தே அந்தச் சன்னல் இருந்த இடத்தைக் காட்டி, "இதுலதான் மாமா நான் தெனமும் நிப்பேன்" என்றாள்.

போகும்போது தாளை எடுத்துக்கொண்டாள். முகப்பு வேண்டுமா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எழுபத்திரண்டு வீடுகளும் என் மேசைமேல் கிடக்கின்றன.