நாக்கு மீனின் இரண்டாவது கண்

மீனுக்கு ஒரு கண்ணை அழிக்கச் சொன்னார்கள், நான் அழிக்கவில்லை. நாலாங்கிளாஸில் என்னை இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த குற்றம் அவ்வளவுதான்.

பள்ளி முகப்பேரில். டீச்சர் கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கிற ஊரிலிருந்து வந்தவர். நல்லவர், ஆனால் அவருக்குத் தெரிந்த மீனெல்லாம் பாடப்புத்தகத்தில்தான் நீந்தின. கண்காட்சிக்கு ஆளுக்கொரு மீன் வரையச் சொன்னார். நான் நாக்கு மீன் வரைந்தேன். பேருக்கேற்ற மாதிரி நாக்கை அறுத்துப் போட்டதுபோலத் தட்டையாக இருக்கும். கடலடி மணலில் ஒருக்களித்துப் படுத்தே காலம் தள்ளுகிற மீன். அடிப்பக்கம் வெளுப்பு, மேல்பக்கம் மண் நிறம், இரண்டு கண்ணும் மேல்பக்கத்திலேயே.

எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கு வானகரம் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற வேலை. நாக்கு மீனின் மூக்கோரம் ஒரு கீறல், விரலில் உப்பைத் தொட்டுக்கொண்டு ஒரே இழுப்பு, தோல் சட்டை கழற்றுவதுபோல வந்துவிடும். பேச்சு வராத பிள்ளைக்கு நாக்கு மீன் கொடு என்பார்கள் எங்கள் தெருவில். எனக்கு மட்டும் அம்மா அளவு தெரியாமல் கொடுத்துவிட்டாள் என்பார் மாமா.

பக்கவாட்டில் வரைந்தால் ஒரு கண்தான் தெரியும் என்றார் டீச்சர். இதுக்கு ரெண்டும் தெரியும் மிஸ் என்றேன். ரப்பரை நீட்டினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அழிக்கிற வரைக்கும் வெளியே நில் என்றார், நின்றேன். சாயங்காலம், நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

அம்மா என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தால், "ஒரு கண்ணுதான, அழிச்சிட்டுப் போயேன்டி. அந்த மீனா வந்து கேக்கப்போவுது?" என்றாள். மறுநாள் மதியமே வேலையை விட்டு வந்து, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக் கழுவி, விசேஷத்துக்குக் கட்டும் புடவையில் பள்ளிக்கு வந்தாள். சின்னப் பொண்ணு, மன்னிச்சிடுங்க என்று கைகட்டி நின்றாள்.

டீச்சர் அத்தோடு விட்டிருக்கலாம். "தப்பா வரைஞ்சா பரவாயில்லம்மா. இப்படி ஒரு மீன் இருக்குன்னு பொய் சொல்றா பாருங்க, அதைக் கண்டிச்சு வைங்க" என்றார்.

அம்மா அப்போதுதான் படத்தை வாங்கிப் பார்த்தாள். இரண்டு கண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, நாளைக்கு வரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் முதல் மணி அடிக்கும்போது நேராக மார்க்கெட்டிலிருந்து வந்து நின்றாள். நைட்டிமேல் ரப்பர் ஏப்ரன், முழங்கை வரை செதில். பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். மேஜைமேல் பேப்பரை விரித்து, கவரிலிருந்து நாக்கு மீனை எடுத்து வைத்தாள்.

"எண்ணிப் பாருங்க டீச்சர். படத்துல அழிச்சிடலாம். கடல்ல யாரு போய் அழிக்கிறது?"

டீச்சர் பென்சில் முனையால் மீனைப் புரட்டினார். வெள்ளைப் பக்கம், கண்ணில்லை. மறுபடி புரட்டினார். இரண்டு கண். இது ஏன் இப்படி என்று அம்மாவையே கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"மண்ணைப் பாத்துகினு கெடந்தா இன்னா ஆவும்? மேல யாரு வர்றான்னு பாக்க வேணாமா?" என்றாள் அம்மா.

குஞ்சாக இருக்கும்போது அதுவும் மற்ற மீன்போல ஒரு பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்துதான் நீந்துமாம். வளர வளர ஒரு கண் மெல்லத் தலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடுமாம். பின்னாளில் நானாகத் தேடிப் படித்தது இது. அன்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது.

டீச்சர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மீனின் பேர் என்ன என்று கேட்டு, படத்துக்குக் கீழே தன் கையாலேயே எழுதி, சுவரில் ஒட்டினார். பிள்ளைகள் என்னை நாக்கு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் நீட்டிக் காட்டினேன்.

ஆனாலும் எனக்கு அம்மாமேல்தான் கோபம். கேட் வரைக்கும் கூடப் போய், நேத்து மாதிரி குளிச்சிட்டு வந்திருக்கலாம்ல என்று கேட்டேன்.

"மீனு குளிச்சிட்டா வந்துச்சி?" என்றாள்.

ஷேர் ஆட்டோவில் ஏறினாள். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்துகொள்ள, கிடைத்த இடத்தில் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தாள். இன்றைக்குத் தெருவில் தண்ணி லாரி வரவில்லை போலிருக்கிறது, அதனால்தான் குளிக்காமல் வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் வகுப்புக்கு ஓடினேன்.