கைராசியும் பவர் சப்ளையும்

டக்...

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. திரை சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் போய்விடும். சூடான தூசி வாசனை மட்டும் மேசையைச் சுற்றி நிற்கும். அரைமணி நேரமாக நான் அடித்த கல்யாணப் பத்திரிகை, பொண்ணு மாப்பிள்ளையோடு காணாமல் போயிருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்றா, இரண்டா... சரியாக நினைவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு டி.டி.பி. சென்டர். ஓனர் பெருமாள் அண்ணன். தாடிக்கொம்புப் பக்கம் தக்காளி போட்ட குடும்பம். கடையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், யாரோ கழித்துக்கட்டிய 486. அந்தக் காலத்திலேயே அது கிழடு.

எனக்கு அது மூன்றாவது வேலை. முன்னால் சேர்ந்த இரண்டு கடைகளையும் நான் போன நேரம் மூடிவிட்டார்கள். அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இதுவும் தங்கலைன்னா பேசாம பஞ்சு மில்லுக்குப் போயிரு."

சேர்ந்த இரண்டாவது வாரமே ஆயுத பூசை வந்தது. அண்ணன் செவ்வந்தி மாலையை என்னிடம் நீட்டினார்.

"கம்ப்யூட்டருக்கு நீயே போடு தாயி."

போட்டேன். வழுக்கி வழுக்கி விழுந்தது. மாலையின் வால் நாரைப் பின்பக்கம் இழுத்து, அங்கிருந்த கம்பி வலையில் கட்டினேன். பிறகு விழவில்லை. மூன்றாம் நாள் கழற்றும்போது நார் பாதியில் அறுந்து வந்தது. அதையெல்லாம் யார் கவனித்தார்கள்...

பூசை முடிந்து மெஷினைப் போட்டால் ஓர் அதிசயம். எப்போதும் கொய்ங்ங் என்று கத்தும் அது, சத்தமே இல்லாமல் ஓடியது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா! பூசை போட்டதும் எம்புட்டு அமைதியா ஓடுது!"

அன்று மதியம்தான் முதல் டக்.

அப்புறம் தினமும். இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணன் உட்கார்ந்து அதில் பத்து நிமிஷம் சீட்டு விளையாடினால் ஒன்றும் ஆகாது. நான் உட்கார்ந்து அரைமணி நேரம் டைப் அடித்தால் அணைந்துவிடும். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அவருக்கும்தான்.

மதுரையில் இருந்த மெக்கானிக் பாண்டிக்கு போன் போட்டார். "பவர் சப்ளை சரியில்லண்ணே, மாத்தணும். வெள்ளிக்கிழமை வாரேன்" என்று பதில் வந்தது.

பவர் சப்ளை சரியில்லையா! அண்ணன் நேராக ஈ.பி. ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டு, லைன்மேனையே கையோடு கூட்டி வந்துவிட்டார். அவர் மீட்டரைப் பார்த்தார், ப்ளக்கில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார்.

"சப்ளை சுத்தமா வருதுங்க. வேற ஏதோ கோளாறு."

வேற என்ன? கடையில் மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"கோவிச்சுக்காத தாயி. எங்க காட்டுல நாத்து நடக்கூட கைராசி பாத்துத்தான் ஆள் விடுவோம்... வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்."

அழுகை முட்டியது. ஆனால் அவர் மேல் கோபம் வரவில்லை. மூடிப்போன இரண்டு கடைகள் ஞாபகம் வந்தன. பஸ்ஸில் போகும்போது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்க்க எல்லார் கையும் போலத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பாண்டி ஒரு தகர டப்பாவைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இதாண்ணே பவர் சப்ளை."

"இதுவா? நான் ஈ.பி.காரன்கிட்ட மல்லுக்கு நின்னுட்டு வந்தேனேப்பா!"

நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய டப்பாவை உருவி, புதுசை மாட்டினார். போர்டில் சொருக இரண்டு ஒயர் கொத்துகள். "கறுப்பும் கறுப்பும் நடுவுல ஒட்டி வரணும். மாறுச்சு, போர்டு காலி" என்றார். நான் டார்ச் பிடித்தேன். சுவிட்சைப் போட்டதும்... கொய்ங்ங்!

அந்த இரைச்சல் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று யார் நினைத்தது.

அண்ணன் டீ வாங்கப் போன நேரத்தில், பாண்டி சும்மா இருக்காமல் பழைய டப்பாவைப் பிரித்தார். உள்ளே இருந்த சின்ன ஃபேனின் இறக்கையில் இறுகச் சுற்றியிருந்தது, காய்ந்த வாழைநார். நடுவில் ஒரு செவ்வந்தி இதழ் கருகிப்போய்...

"ஃபேன் நின்னுபோச்சு, டப்பா சூடேறி அணைஞ்சிருக்கு. நார் எப்பிடிம்மா உள்ள போச்சு?"

பின்பக்கக் கம்பி வலையில் நான் கட்டிய மாலை நார்! அவரே பதிலையும் சொன்னார்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"ஆமாண்ணே... எலிதான்."

டீயோடு வந்த அண்ணனிடமும் எலி என்றே சொன்னார் பாண்டி. அண்ணன் முதல் டம்ளரை என்னிடம் கொடுத்தார்.

"எலி செஞ்ச வேலைக்கு உன் கையக் குத்தம் சொல்லிட்டனே தாயி. மனசுல வச்சுக்காத."

டம்ளரை வாங்கிக்கொண்டேன். அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்தேன்.

இப்போது லேப்டாப் தானாக அணைந்தால் என் மகன் "அப்டேட்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். யார் கையையும் யாரும் சந்தேகப்படுவதில்லை. நல்லதுதான். ஆனால் ஒரு பொருள் ஏன் கெட்டது, ஏன் சரியானது என்று யாருக்கும் தெரிவதும் இல்லை.

போன மாதம் பெருமாள் அண்ணனின் மகள் ஜெராக்ஸ் கடை திறந்தாள். "மொத சுவிட்ச்சு நீதான் போடணும், ராசியான கை" என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் செவ்வந்தி மாலையைக் கையில் கொடுத்துவிட்டார்.

"நீயே போடு தாயி."

புது மெஷினின் முன்னால் மாலையோடு நின்றேன். என் கை ராசியா, இல்லையா... இன்றுவரை எனக்கே குழப்பம்தான். சுவரில் ஓர் ஆணி தெரிந்தது. அதில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணனின் மகள் இதை அவருக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். அண்ணே... அது எலி இல்லை.