கே.ஜி.கண்டிகையில் நான்காம் சுற்று

நாளை முதல்முறையாகக் கார் பந்தயத்தைப் படமெடுக்கப் போகிறேன். இன்று திருத்தணிக்குப் போகும் வழியில், கே.ஜி.கண்டிகை டீக்கடை முன் நின்று, ஓடும் பஸ்களோடு கேமராவையும் திருப்பிப் பழகுகிறேன். எல்லாப் படமும் கலங்கித்தான் விழுகிறது.

டீ குடிக்கும் ஆட்டோக்காரர் எட்டிப் பார்க்கிறார். "நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன், எடுங்க சார்."

மூன்று முறை வருகிறார். மூன்று முறையும் என் எதிரில் வேகத்தைக் குறைத்து, முடியை ஒதுக்கிச் சிரிக்கிறார்.

"ஸ்லோ பண்ணாதீங்கண்ணா. வேகமா போனாத்தான் பின்னாடி இருக்கிறதெல்லாம் கோடா இழுக்கும்."

"ஆங், மூஞ்சி நல்லா விழணுமேன்னு பாத்துகினு இருந்தேங்க."

நான்காம் முறை பறக்கிறார். பொத்தானை அழுத்திய பிறகும் நிற்காமல் அவரோடு இடுப்பைத் திருப்புகிறேன். படத்தில் எதிர்ப்பக்கக் கடையும் மரமும் கோடுகளாக ஓடுகின்றன; அவர் சிரிப்பு மட்டும் தெளிவாக நிற்கிறது.

நாளை எந்தக் காரும், படம் சரியாக விழும்வரை எனக்காகத் திரும்பத் திரும்ப வராது.