இரண்டு மணிக்குக் கைமாறும் பலகை

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிப்போய் வாலாஜாபாத் வாடகை வீட்டின் கட்டிலில் படுத்தார். நான் ஒரகடத்தில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுகளாகச் சேர்க்கும் கம்பெனியில் வேலை பார்த்தேன். எங்கள் ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு, அடுத்த வாரம் மதியம் இரண்டு மணிக்கு.

காலை ஷிஃப்ட் வாரங்களில் சிரமம் இல்லை. கீழ் வீட்டு அண்ணன் சாயங்காலம் பஜ்ஜிக்கடை போடுகிறவர், பகலில் வீட்டில்தான் இருப்பார். அவர்தான் என் கணவரைத் தாங்கிப் பிடித்துக் கழிவறைக்கு அழைத்துப் போவார். மதிய ஷிஃப்ட் வாரங்களில் அண்ணன் கடைக்குக் கிளம்பியதும் என் மகள் மட்டும்தான். ஏழாவது படிக்கிற பெண்.

ஒருநாள் அவள் சொன்னாள், "நீ ரெண்டு மணி வேலைக்குப் போனா அப்பா தண்ணியே குடிக்க மாட்றாரும்மா." எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் குழாயடியில் போய் நின்று அழுதேன். மகள் தன்னைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக அந்த மனிதர் மதியத்திலிருந்து நாக்கு வறண்டு கிடந்திருக்கிறார்.

மறுநாள் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். திருநெல்வேலிக்காரர், என்னைவிட வயதில் சின்னவர்.

"எதுக்குக்கா வேலைய விடுதிய? எச்.ஆர். மேடத்துட்ட ஒருக்கா பேசிப் பாப்போம், வாங்க" என்று கூடவே வந்தார்.

அந்த மேடம் எத்தனை லீவு எடுத்திருக்கிறேன் என்றுதான் முதலில் கேட்பார் என நினைத்திருந்தேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "உங்களுக்கு எந்த நேரம்மா கஷ்டம்?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பாவம் என்றார்கள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்றார்கள். எந்த நேரம் என்று கேட்டதும் என்னாலும் அழாமல் பதில் சொல்ல முடிந்தது. சாயங்காலம் மட்டும்தான் மேடம், என்றேன்.

"அப்ப எப்பவும் காலை ஷிஃப்ட் போட்டா சரியாயிடும். ஆனா உங்க போர்டுல எதிர் ஷிஃப்ட் பாக்கறவங்க எப்பவும் மதியம் வரணும். அவங்களை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். கேட்டுப் பாக்கறேன்."

வேலை நேரத்தில் எங்கள் செல்போன்கள் லாக்கரில் பூட்டியிருக்கும். சூப்பர்வைசர் மேசைப் போனின் நம்பரை வீட்டில் கொடுத்து வைக்கும்படி மேடம் சொன்னார். அழைப்பு வந்தால் உடனே என்னை எழுப்பி அனுப்பும்படி சூப்பர்வைசரிடமும் சொன்னார்.

ஒயர்களைப் படம் பார்த்து அடுக்கும் பலகையைத்தான் போர்டு என்போம். எதிர் ஷிஃப்டில் என் போர்டுக்கு வருகிறவளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் எழுந்தால் அவள் உட்காருவாள், அவ்வளவுதான் பழக்கம். மேடம் கேட்பதற்கு முன்னால் நானே கேட்பதுதான் முறை என்று பட்டது. ஷிஃப்ட் மாறும்போது கேன்டீன் வாசலில் அவளை நிறுத்தி, தண்ணீர் விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். பிறகு, "எங்கம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்குது. காலைலதான் எடம் கெடைக்கும். காலை ஷிஃப்ட் வந்தாலே வயித்து வலின்னு லீவு போட்டுகினு ஓடுறேன்" என்றாள்.

"இத்த ஏன் யாராண்டயும் சொல்லலே?"

"சொன்னா, இவளுக்கு வூட்ல ஆயிரம் தொல்ல கீது, வேலைக்கு ஆவ மாட்டானு நெனச்சிட்டா?"

இரண்டு பேரும் ஒன்றாகவே மேடத்தின் அறைக்குப் போனோம். எனக்கு எப்போதும் காலை, அவளுக்கு எப்போதும் மதியம் என்று ஆனது.

லைனில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. "அதுங்க ரெண்டுக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று என் காதுபடவே பேசினார்கள். அது நியாயமான கேள்விதான். மேடம் காலைக் கூட்டத்துக்கு வந்து எல்லோரிடமும் பேசினார். "வீட்ல யாரையாவது பாத்துக்கறவங்க எந்த நேரம் கஷ்டம்னு மட்டும் வந்து சொல்லுங்க. இன்ன நோய்னு சொல்ல வேண்டாம். முடிஞ்சதைச் செய்யறோம், முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுவோம்."

அன்று ஒருவரும் கை தூக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக அவர் அறைக்குப் போனார்கள். எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் போவதைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லோருக்கும் கேட்டது கிடைத்துவிடவில்லை. ஆர்டர் குவிந்த ஒரு சமயம் நானும் ஒரு வாரம் மதியம் போக வேண்டியிருந்தது. ஆனால் முன்கூட்டியே சொன்னார்கள். என் தம்பியைக் குன்றத்தூரிலிருந்து வரவழைத்துச் சமாளித்தேன்.

சாயங்காலங்கள் கையில் கிடைத்ததும் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை விடாமல் செய்ய வைத்தேன். முதலில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அப்புறம் சுவரைப் பிடித்தார். இப்போது கோலை ஊன்றித் தானே கழிவறைக்குப் போய் வருகிறார். வலது கை இன்னும் மடங்கியேதான் இருக்கிறது. வேன் ஓட்ட முடியாது என்பது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

போன மழைக்காலத்தில் எதிர் ஷிஃப்ட்காரியின் அம்மா இறந்துபோனார். சூப்பர்வைசர் மேசைக்குச் செய்தி வந்ததும் கம்பெனி வண்டியிலேயே அவளை அனுப்பி வைத்தார்கள். காரியம் முடிந்து திரும்பிய அன்று இரண்டு மணிக்கு நான் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டேன். "இனி காலைல உனக்கு வேலையில்லியே. பழையபடி மாறி மாறி வரணும்னா சொல்லு, மேடத்தாண்ட பேசலாம்" என்றேன்.

அவள் ஒயர் கட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டே, "காலைல எழுந்தா கை தானா அம்மாவோட ஆஸ்பத்திரிப் பையத் தேடுது. கொஞ்ச நாள் போவட்டும்" என்றாள். அவள் தோளில் கை வைத்தேன். வெளியே எங்கள் பஸ் ஹாரன் அடித்தது.

"போ, பஸ் போயிடும்" என்றாள்.