ஈயம் ஒட்டாத கைகள்

துப்பாக்கி சுடுவது வசதியானவர்களின் விளையாட்டு. அந்தத் துப்பாக்கிக்குத் தீனி போடுவது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவர்களின் பிழைப்பு. துபாயில் ஒரு துப்பாக்கி கிளப்பில், போட்டிக்குச் சுடுகிறவர்களுக்காகக் கையால் பிஸ்டல் தோட்டா நிரப்புகிறேன். சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்து, வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே ஈயக் குண்டை அழுத்தினால் தோட்டா மறுபிறவி எடுத்துவிடும். லைசென்ஸ், கேமரா, பூட்டு எல்லாம் உண்டு. பயம் மட்டும் என் சொந்தச் செலவு. வீட்டில் எனக்கு ஒரு வயது மகள் இருக்கிறாள். இந்தக் கையோடு போய் ஈயத்தூளை அவள் வாயில் ஊட்டிவிடுவேனோ என்பதுதான் அந்தப் பயம். பிள்ளையை விட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடும் தாய்மார்களே, உங்களுக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். என்னுடையது கொஞ்சம் கனம் அதிகம், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் நிலைமை

பர் துபாய் கோயில் வரிசையில் ஓர் அக்கா நட்பாகப் பேச ஆரம்பித்தார். ஊர், சாதி, வாடகை எல்லாம் விசாரித்து முடித்து என் வேலை என்ன என்று கேட்டார். "தோட்டா செய்யறேங்க்கா" என்றேன். கையிலிருந்த பூக்கூடையை மெதுவாக அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார்.

"வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்று கேட்டார். மாட்டார் என்றேன். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார்.

"ஆமா, அவர் எங்க சொல்லப் போறாரு."

அப்பாயின்ட்மென்ட்

ஈயம் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சானிடைசருக்கும் மசியாது. ஆகவே ஒரு நடைமுறை வைத்திருக்கிறேன். யூனிஃபார்ம் கிளப் லாக்கரிலேயே தங்கும். ஷூ வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் பையில் தங்கும். நான் நேராகக் குளியலறைக்குப் போவேன். தலைக்கு ஊற்றி, நகத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து, மாற்றுடை உடுத்திய பிறகுதான் பிள்ளையைத் தூக்குவது. அதுவரை அவள் கதவுக்கு வெளியே நின்று இரண்டு கையாலும் தட்டுவாள். உள்ளே நான் அழுதுகொண்டே சோப்புப் போடுவேன். அழுகையும் குளியலில் சேர்த்தி என்பதால் தனியாக நேரம் ஆவதில்லை.

என் கணவர் ஜெபல் அலியில் கன்டெய்னர்களோடு பத்து மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு வந்து, பதினைந்தாவது நிமிடத்தில் குளியலறைக் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, பெத்த தாயப் பார்க்க உன் மக அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமா?"

பாதித் தட்டு

எங்கள் தோட்டா அறையின் பொறுப்பாளர் காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அம்மா என்றால் உம்மா, அண்ணன் என்றால் காக்கா; எங்கள் எல்லாருக்கும் அவர் காக்கா. காக்காவின் சட்டம் ஒன்றே: ஐம்பது கூடு அடுக்கிய தட்டில் மருந்து போட ஆரம்பித்தால், பூகம்பமே வந்தாலும் ஐம்பதையும் முடித்து, டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டிலும் மருந்து இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். மருந்தில்லாத தோட்டாவின் குண்டு, கூட்டின் அடியிலுள்ள பொறியின் பலத்தில் மட்டும் கிளம்பி, பாதி வழியில் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும்.

ஒருநாள் பாதித் தட்டில் உள்ளங்கை கறுத்திருப்பதைப் பார்த்தேன். அதே கை பிள்ளையின் வாயில் இருப்பதாகத் தோன்றிவிட்டது. எழுந்து போய்க் கழுவினேன். மூன்று முறை. திரும்பி வந்து, அவளையே நினைத்துக்கொண்டு, டார்ச் அடிக்காமல் ஐம்பதிலும் குண்டை வைத்து அழுத்தி, ஒரு மெம்பரின் முந்நூறு தோட்டாப் பெட்டிக்குள் கொட்டிவிட்டேன். மூடியைப் போட்ட பிறகுதான் டார்ச் ஞாபகம் வந்தது. எடை போட்டுப் பார்க்கலாமே என்று கேட்காதீர்கள். கூட்டுக்குக் கூடு எடை மாறும். துளி மருந்து அந்த வித்தியாசத்தில் ஒளிந்துகொள்ளும்.

காக்காவிடம் சொன்னேன். திட்டவில்லை. சுத்தியல் மாதிரி ஒரு கருவி உண்டு. அதில் தோட்டாவைச் செருகித் தட்டினால் குண்டு கழன்று வரும். அதை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு முந்நூறையும் பிரித்தோம். இருநூற்றுப் பதினேழாவதில் மருந்து இல்லை. காக்கா அந்தக் கூட்டைக் கவிழ்த்து என் முன்னால் வைத்தார்.

"ஒன் புள்ளைய நெனச்சுத்தான் எந்திரிச்சே, தெரியுது. இதச் சுடப் போறவனுக்கும் ஒரு உம்மா இருக்கா, தங்கச்சி."

சாவி குளிக்கவில்லை

பயம் தாங்காமல் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். டாக்டரம்மா திருநெல்வேலிக்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஈயம் இருக்கு. இப்ப பயப்படற அளவு இல்ல. ஆனா எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும்" என்றார். லாக்கர், பிளாஸ்டிக் பை, தலைக்குளியல், நகப் பிரஷ் என்று கான்வென்ட்டில் ஜெபம் ஒப்பிப்பதைப் போல ஒப்பித்தேன். மடியில் பிள்ளை சிணுங்கினாள். கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தேன். வழக்கம்போல வாயில் வைத்து, வழக்கம்போல அடங்கினாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அதுல என்னம்மா தொங்குது?"

பித்தளைத் தோட்டாக்கூடு. மைதானத்தில் சுட்டு விழுந்ததைக் கழுவாமலே மேலுக்குத் துடைத்துத் துளை போட்டு வளையம் மாட்டியது. 'பாதுகாப்பில் சிறந்த ஊழியர்' என்று ஸ்டாஃப் லஞ்ச்சில் எங்கள் சேஃப்டி ஆபீசர் பன்னிரண்டு பேருக்கு ரிப்பன் கட்டித் தன் கையால் தந்த பரிசு. பரிசு என்றால் எழுந்து நின்று "தேங்க்யூ சார்" சொல்லி வாங்கி உட்காரத்தான் கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கியிருந்தார்கள். அது எங்கே கிடந்தது என்று கேட்கப் பழக்கவில்லை. இரண்டு மாதமாக அவளுக்குப் பிடித்த பொம்மை அதுதான். டாக்டர் டிஷ்யூவால் பிடித்து, அதை அவள் வாயிலிருந்து எடுத்தார்.

"நீங்க குளிச்சதெல்லாம் சரிதாம்மா. சாவி குளிக்கலையே."

கலந்துகொள்ளாதவர்

அதைப் பையில் கட்டி எடுத்துப் போய் சேஃப்டி ஆபீசர் மேஜையில் வைத்தேன். கோயம்புத்தூர்க்காரர், சாந்த சொரூபி. நடந்ததை முழுக்கச் சொன்னேன். மீதி ஊழியர்களுக்குக் கொடுத்தவற்றையும் திரும்ப வாங்குங்கள் என்றேன். அவர் ஒரு ஃபைலைத் திறந்து, நான் கையெழுத்துப் போட்ட ட்ரெயினிங் தாளைத் தேடி எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"கிளப் பொருள் எதையும் வாயில வைக்கக்கூடாதுன்னு தெளிவாச் சொன்னமுங்க மேடம். பாப்பா ட்ரெயினிங் வரலீங்களே."

அன்று மாலைக்குள் காக்கா அறை அறையாகப் போய் மற்ற பதினொன்றையும் வாங்கி வந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் பிள்ளையின் அளவு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் சிரித்தார், நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆபத்து என்று எழுதி ஒட்டியிருந்தால் பத்தடி தள்ளி நிற்கிற நாம்தான், ரிப்பன் கட்டிக் கொடுத்தால் கைதட்டலோடு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.