டிஸ்கோ பாட்டுக்கு நடுவே ஒரு குரல்

அறந்தாங்கி பழைய சாமான் கடையில் அந்த டிஸ்கோ கேசட்டைப் பார்த்ததுமே, யூடியூபில் ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. பாடியவர் எங்கள் பக்கத்துத் திருவிழா மேடைகளின் நட்சத்திரம்; சின்ன வயதில் நான் ஆடித் தீர்த்த பாட்டு.

நடுவில் மட்டும் யாரோ ஒரு பெண் பேசினாள். அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருப்பவர்களுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். எனக்கு அது இடைஞ்சல். வெட்டி அழித்தேன். வேலை முடிந்ததும் கேசட்டையும் குப்பையில் போட்டேன்.

வீடியோவில் நான் காட்டிய கேசட்டின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பாடகரே பொன்னமராவதிக்கு வரச் சொன்னார். செல்ஃபி ஆசையில் ஓடினேன்.

"பாட்டு கெடக்கட்டும்மா. நடுவுல ஒரு பொம்பள பேசுமே, அது எங்க?"

"அது யாருங்கய்யா?"

"எம் பொண்டாட்டி. நான் குவைத்துல இருந்தப்ப பேசி அனுப்புனா. நான் ஊரு திரும்புறதுக்குள்ள போய்ச் சேந்துட்டா. வீடு மாத்துறப்ப கேசட்டு தொலஞ்சிருச்சு."

"அழிச்சுட்டேங்கய்யா."

அவர் சொன்னார்: "நல்லா சுத்தமா பண்ணிருக்க, தாயி."

செல்ஃபி எடுக்கவில்லை.

குப்பை வண்டி போய் நான்கு நாளாகிறது. நாளை காலை நகராட்சிக் குப்பைக் கிடங்கில் தேடப் போகிறேன். கிடைக்காவிட்டால், அவள் பேசியதில் எனக்கு நினைவிருக்கும் ஒரே வரியையாவது அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்: "இங்கிட்டு நல்ல மழைங்க, நீங்க கவலப்படாதீங்க."